அக்காவுக்கு, கனடா ஸ்கார்பரோவிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ, மாமா, பாப்பா, அம்மா எல்லாரும் நல்லா இருப்பீங்கன்னு நம்புறேன். பார்சல் போன வாரம் வந்து சேர்ந்துச்சு. கொள்ளுப்பொடி, புளி, அம்மா போட்ட மாவடு எதுவும் கொட்டலை. அடியில நாலா மடிச்சு வெச்சிருந்த உன் கடிதத்தைத்தான் முதல்ல பிரிச்சேன். "மூணு மாசமா போன்ல 'நல்லா இருக்கேன், சாப்ட்டேன்', இவ்வளவுதான். என்னடா மறைக்கிற?"ன்னு கேட்டிருந்தே. நீ போனை எடுத்தாலே ஸ்பீக்கர்ல போட்டுடுறே, அம்மா பக்கத்துல இருக்காங்க. அதனாலதான் எழுதுறேன். இதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டாதே. மாமாகிட்ட நீயே பக்குவமா சொல்லு.

இந்த ஜனவரியில குளிர் மைனஸ் 20க்குக் கீழ போச்சு. மூச்சு விட்டா மூக்குக்குள்ள முடி ஒட்டிக்கும். பஸ் ஸ்டாப்ல பத்து நிமிஷம் நின்னா விரல் முதல்ல எரியும், அப்புறம் இருக்கிறதே தெரியாது. ஊர்ல இருந்து எடுத்துட்டு வந்த கையுறை ரெண்டாவது வாரமே கிழிஞ்சு போச்சு.

பொங்கல் முடிஞ்ச மறுவாரம் ஒரு பெரிய கடைக்குப் போனேன். பால், ரொட்டி, முட்டை எடுத்தேன். இங்க பில் போட ஆள் இல்லாத வரிசையும் இருக்கு, அதுல நாமளே ஒவ்வொண்ணா மிஷின்ல காட்டி கார்டைத் தேய்க்கணும். ஒரு ஜோடி கையுறையும் ஒரு மாம்பழக் கூழ் டின்னும் மிஷின்ல காட்டாம முதுகுப்பைக்குள்ள போயிடுச்சு. மறந்துட்டேன்னு சொன்னா நீ நம்புவே. மறக்கலை அக்கா. தெரிஞ்சுதான் போட்டேன். பணமில்லாம செய்யலை, அப்படி நினைச்சு நீ அழக் கூடாது. என்னவோ அன்னைக்குப் புத்தி கெட்டுப் போச்சு.

வாசலைத் தாண்டினதும் ரெண்டு பேர் மறிச்சாங்க. பின்னாடி ஒரு சின்ன ரூமுக்குக் கூட்டிட்டுப் போய், பையில இருந்ததை மேசையில எடுத்து வெச்சாங்க. ரெண்டும் சேர்த்து 38 டாலர். டின்னோட பின்பக்கம் என்னைப் பார்த்து இருந்துச்சு. கீழ பொடி எழுத்துல 'கிருஷ்ணகிரி, தமிழ்நாடு'. எடுக்கும்போதே அதைப் பார்த்துட்டுதான் எடுத்தேன். அப்பா டிராக்டர்ல பெங்களூரா மாங்காய் ஏத்திக்கிட்டு ராத்திரி முழுக்க கூழ் பேக்டரி வாசல்ல வரிசையில நிப்பாரே, நான் லோடு மேல படுத்துத் தூங்குவேனே, அதெல்லாம் அந்த ரூம்ல ஞாபகம் வந்துச்சு. நம்ம ஊர் பேரைத் திருட்டுப் பொருள்மேல உக்கார வெச்சுட்டேன். போலீஸ் வர ஒரு மணி நேரம் ஆச்சு. அவ்வளவு நேரமும் அந்த எழுத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

போலீஸ்காரர் அடிக்கலை, அதட்டக்கூட இல்லை. கைது பண்றேன், வக்கீலோட பேச உனக்கு உரிமை இருக்குன்னு சொன்னார். ஜெயிலுக்கு அனுப்பலை. ஒரு தாள்ல கையெழுத்து வாங்கிட்டு விட்டுட்டார். அதுல ரெண்டு தேதி: ஒண்ணு கைரேகை வைக்க, இன்னொண்ணு கோர்ட்டுக்கு. எதுக்குப் போகலைன்னாலும் வாரண்ட் வரும். கடைக்காரங்க ஒரு வருஷத்துக்கு உள்ள வரக் கூடாதுன்னு தனியா ஒரு தாள் கொடுத்தாங்க. வழக்கோட பேரு '5000 டாலருக்குக் கீழ்த் திருட்டு'. 38 டாலருக்கும் அதே பேருதான்.

அன்னைக்கு ராத்திரி யார்கிட்டயும் பேசலை. நான் இருக்கிறது பேஸ்மென்ட், மேல வீட்டுக்கார ஆன்ட்டி இருக்காங்கன்னு சொல்லியிருக்கேனே, யாழ்ப்பாணத்துக்காரங்க. நான் வந்த புதுசுல கேவுரு மாவு எங்க கிடைக்கும்னு கேட்டு, அவங்களுக்குப் புரியாம, கடைசியில "ஓ, குரக்கன் மாவோ!"ன்னு சிரிச்சாங்களே, அவங்கதான். விடியக்காலையில நான் தூங்காம நடக்கிற சத்தம் கேட்டு இறங்கி வந்துட்டாங்க. தாளைப் படிச்சுப் பார்த்துட்டு, "தம்பி, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. ஆனா லோயரோட கதைக்காம குற்றம் எண்டு மட்டும் ஒத்துக்கொள்ளாதேங்கோ"ன்னாங்க. அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் காப்பாத்துச்சு. நான் முதல் நாளே ஒத்துக்கிட்டு, அபராதம் கட்டிட்டு, யாருக்கும் தெரியாம முடிச்சுடலாம்னு இருந்தேன்.

மார்ச்ல கோர்ட்டுக்கு அவங்களே கூட வந்தாங்க. சிட்டி நடுவுல பெரிய கட்டடம். வக்கீல் வைக்க வசதியில்லாதவங்களுக்கு அரசாங்கமே அங்க ஒரு வக்கீலை உக்கார வெச்சிருக்கு, காசு கிடையாது. அந்த வக்கீலம்மா நிதானமா விளக்கினாங்க. அபராதம் சின்னதா இருந்தாலும் தண்டனை தண்டனைதானாம். என்னை மாதிரி படிக்க வந்தவனுக்கு அந்தத் தண்டனையாலேயே பெர்மிட் போயிடலாம், நாட்டைவிட்டு அனுப்பிடலாம். முதல் தடவை தப்பு பண்ணினவங்களுக்கு வேற வழி இருக்கு. நம்ம மேல வழக்கு நடத்துற எதிர்த்தரப்பு அரசு வக்கீல் சம்மதிச்சா, தப்புக்குப் பொறுப்பேத்துக்கிட்டு அவங்க சொல்றதைச் செஞ்சு முடிக்கணும், அப்புறம் வழக்கையே வாபஸ் வாங்கிடுவாங்க. எனக்குச் சம்மதிச்சுட்டாங்க அக்கா. கடைக்கு ஒரு மன்னிப்புக் கடிதம், 20 மணி நேரம் சம்பளமில்லாத சேவை.

மன்னிப்புக் கடிதத்தை முதல்ல தமிழ்லதான் எழுதினேன். இங்கிலீஷ்ல எழுதினா 'சாரி'க்கு மேல ஒண்ணும் வரலை. சேவை, இல்லாதவங்களுக்குச் சாமான் கொடுக்கிற இடத்துல. அரிசி, பருப்பு டின் எல்லாம் பை பையாப் போட்டுக் கட்டுறேன். சனிக்கிழமை சனிக்கிழமை போறேன். கிளம்பும்போது எனக்கும் ஒரு பை கொடுப்பாங்க, அந்த வாரத்துக்குச் சரியா இருக்கும்.

வழக்கு வாபஸ் ஆனாலும், நாளைக்கு விசா பாரத்துல 'எப்பவாவது கைதானதுண்டா'ன்னு கேட்பாங்க. ஆமான்னு எழுதி, கோர்ட் தாளை இணைக்கணும். மறைச்சா அஞ்சு வருஷம் உள்ள விட மாட்டாங்க. அதனால இது என்னோட கூடவே வரும். சித்தப்பாகிட்ட யாராவது உளறினாலும் நீ இல்லைன்னு மழுப்ப வேண்டாம்.

நான் தனியா இருக்கேன்னு கவலைப்படாதே, காலேஜ்ல நம்ம பசங்க நிறைய பேர். ஞாயித்துக்கிழமை குரக்கன் மாவுல களி கிண்டினேன். சின்னக் குண்டான், மரக்கரண்டி, கட்டி கட்டியாப் போச்சு. ஒருத்தனுக்கு எவ்வளவு மாவு போடணும்னு அளவே தெரியலை அக்கா. நம்ம வீட்டுல அம்மா துடுப்பைச் சுழற்றுற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்குமே. தண்ணியில கையை நனைச்சு உருட்டி என் தட்டுல போடுறப்ப ஆவி முகத்துல அடிக்கும். அதை நினைச்சுக்கிட்டு நின்னுட்டேன், களி ஆறிப் போச்சு. அதுக்கு மேல எழுத முடியலை, விடு.

மாந்தோப்பு விஷயம். காவேரிப்பட்டணம் வியாபாரி மொத்தமா விலை பேசுறான்னு எழுதியிருந்தே. மொத்தமா விடாதே. செந்தூராதான் முன்னாடி வரும், அதைப் பிரிச்சு மண்டியில நீங்களே போடுங்க. பெங்களூராவை மட்டும் பேசு, பாதிப் பணம் கையில வாங்காம ஆளை மரத்துல ஏத்தாதே. போன வருஷம் பறிக்கிற கூலிகூட வராம மரத்துலேயே விட்டது அம்மாவுக்கு இன்னும் ஆறலை. சந்தூர் பெரியப்பாவைப் பக்கத்துல உக்கார வெச்சுப் பேசு. கிணத்து மோட்டாருக்குக் காயில் கட்டறதை மாமா தள்ளிப்போட வேண்டாம். அம்மாவோட கண் ஆபரேஷனை சித்திரைக்குள்ள முடிச்சுடுங்க.

உன் சங்கிலி ஆவணியில மீட்கணும்தானே? எனக்கு ஞாபகம் இருக்கு. மே மாசம் மட்டும் கொஞ்சம் குறைவா வரும், ஜூன்ல சேர்த்து அனுப்பிடுறேன். காலேஜ் நடக்கிறப்ப வாரத்துக்கு 24 மணி நேரத்துக்கு மேல வெளியில வேலை செய்ய விடுறதில்லை, அதனாலதான். வேற ஒண்ணும் இல்லை.

பாப்பா காதுகுத்துக்கு வைகாசியில நாள் பார்க்கிறதா எழுதியிருந்தே. கோர்ட்டுல கடைசித் தேதி ஜூன் மாசம். அது முடியற வரைக்கும் நாட்டைவிட்டு நகர வேண்டாம்னு அந்த வக்கீலம்மா சொல்லியிருக்காங்க. மாமா வீட்டுல எப்படியாவது பேசி ஆவணிக்குத் தள்ளு. ஆவணியிலயும் முடியலைன்னா அடுத்த வருஷம் வை. வேற யார் மடியிலயும் அவளை உக்கார வெச்சுடாதே அக்கா.

உன் தம்பி