கணினி எப்படி ஆடுகிறது: ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மாணவர் பக்கத்தில் வந்த கட்டுரையில், கணினி எல்லா நகர்வுகளையும் முன்கூட்டியே கணக்கிட்டு வெல்கிறது என்றொரு வரி இருந்தது. நான் தமிழ்ப்பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவள். அந்த வரியைப் படித்த என் டியூஷன் மாணவன் ஒருவன், "அப்படியென்றால் நாம் யோசித்து என்ன ஆகப்போகிறது, டீச்சர்?" என்று கேட்டான். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

கறுப்பு, வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் கோ என்னும் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பலகையில் காய் வைக்க 361 புள்ளிகள் உள்ளன. அதில் அமையக்கூடிய நிலைகளின் எண்ணிக்கை 171 இலக்கம் கொண்டது. எந்தக் கணினியாலும் அதை எண்ணி முடிக்க இயலாது. அதற்கான மாற்று வழி ஒரு சீட்டாட்டத்தில் தொடங்கியது. 1946இல் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த கணித அறிஞர் உலாம், தனியாகச் சீட்டாடும்போது வெல்லும் வாய்ப்பைக் கணக்கிட முயன்று அலுத்துப்போனார். நூறு முறை சீட்டுப் போட்டு, எத்தனை முறை வெல்கிறோம் என்று எண்ணினால் போதாதா என்று அவருக்குத் தோன்றியது. இப்படிக் குருட்டாம்போக்கில் பலமுறை ஆடிப்பார்த்து வாய்ப்பை மதிப்பிடும் மாண்டி கார்லோ முறை பிறந்தது அங்கேதான்.

மாணவன் கேட்ட மறுநாளே, இதைக் காட்டப் பிள்ளைகளை உட்காரவைத்தேன். சுழியும் பெருக்கலும் போடும் ஒன்பது கட்ட ஆட்டம்தான். 1 முதல் 9 வரை எழுதிய சீட்டுகளை மைலோ டின்னில் போட்டுக் குலுக்கினோம். யாரும் யோசிக்கக் கூடாது. சீட்டில் வரும் கட்டத்தில்தான் போட வேண்டும். முதல் குறியை மட்டும் ஒரு குழு நடுவிலும், ஒரு குழு மூலையிலும், மற்றொன்று ஓரத்து நடுக்கட்டத்திலும் வைத்துத் தொடங்கியது. குழுவுக்கு முப்பது ஆட்டம். நடுவில் தொடங்கியவர்களே அதிகம் வென்றார்கள், ஓரம் கடைசி. கண்ணை மூடிக்கொண்டு ஆடியதிலிருந்து நல்ல நகர்வு தானே தெரிந்ததைக் கண்டு பிள்ளைகள் வாயடைத்துப்போனார்கள்.

இன்னும் முப்பது ஆட்டம் ஆடலாம், எந்தக் குழுவுக்குக் கொடுப்பது என்று கேட்டேன். "நடுவுக்கே" என்றாள் ஒருத்தி. "மூலைக்கு இந்த முறை சீட்டு சரியாக விழாமல் போயிருக்கலாமே, அதற்கும் கொஞ்சம் கொடுங்கள்" என்றான் முன்பு மனம் உடைந்து கேட்ட அதே பையன். எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஒவ்வொரு நகர்வையும் மரத்தின் ஒரு கிளையாகக் கொண்டு, வென்ற கிளைக்கு அதிகம், குறைவாகப் பார்த்த கிளைக்கும் ஒரு பங்கு என்று பிரிக்கும் சூத்திரத்தைத்தான் 2006இல் கோச்சிஷ், செபெஷ்வாரி என்னும் ஹங்கேரிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் ரெமி கூலோம் இந்த வகைத் தேடலுக்கு மாண்டி கார்லோ மரத்தேடல் என்று பெயர் வைத்தார். ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவையும் வந்த வழியிலுள்ள கிளைகளில் எல்லாம் குறித்துவைத்து, அடுத்து எங்கே பார்ப்பது என்று முடிவெடுப்பதே அதன் சாரம்.

2016 மார்ச்சில் சியோலில் தென்கொரியக் கோ வீரர் லீ செடோலை 4-1 என வென்ற ஆல்ஃபாகோ என்னும் கணினி நிரலும் இந்த மரத்தைத்தான் வளர்த்தது. எந்தக் கிளை பார்க்கத் தக்கது என்று அதற்குச் சொல்லப் பயிற்சி பெற்ற நரம்பு வலைகள், அதாவது மூளையைப் பின்பற்றி அமைத்த கற்கும் நிரல்கள், துணை இருந்தன. அந்தப் போட்டியின் நான்காவது ஆட்டத்தில் லீ வைத்த 78ஆவது காயை ஒருவர் வைப்பதற்கான வாய்ப்பு 10,000இல் 1 என்றே ஆல்ஃபாகோ மதித்திருந்தது. அந்த ஆட்டத்தில் வென்றவர் லீ. என் மாணவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

அந்த ஒரு வரியை அடுத்த ஞாயிறு அதே மாணவர் பக்கத்தில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் அதை வெட்டி நோட்டில் ஒட்டிவைக்கிறார்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு