பாராசூட்டை விட்டு ஜீப்புக்கு

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம்.

எஸ்.ஏ.எஸ். என்ற பிரிட்டிஷ் அதிரடிப் படையைத் தொடங்கிய டேவிட் ஸ்டிர்லிங் அவ்வளவு பெரிய சண்டைக்காரரா என்று கேட்டிருந்தாய். சண்டையில் அவரை மிஞ்சியவர் அவருடைய ஆளான பேடி மேய்ன். தன் திட்டம் தோற்றதும் ஒரு மாதத்துக்குள் அதைக் கைவிட்டாரே, அதற்காகத்தான் எனக்கு ஸ்டிர்லிங் மேல் அவ்வளவு மதிப்பு.

இரண்டாம் உலகப் போர் நடந்த 1941-இல் ஸ்டிர்லிங் 25 வயது லெப்டினன்ட். எகிப்தில் முதல்முறை குதித்தபோதே பாராசூட் விமானத்தின் வாலில் மாட்டிக் கிழிந்து முதுகில் பலத்த அடி. ஆஸ்பத்திரியில் படுத்தபடியே திட்டம் எழுதினார்: நாலைந்து பேர் கொண்ட குழுக்கள் இரவில் வானிலிருந்து இறங்கி, நின்றிருக்கும் எதிரி விமானங்களை அழிக்க வேண்டும். எகிப்தில் கப்ரித் என்ற இடத்தில் பயிற்சி தொடங்கியது. அக்டோபரில் இருவர் குதித்தார்கள். பாராசூட்டை இழுத்துத் திறக்கும் கயிற்றின் கொக்கி முறுக்கிக்கொண்டு விமானத்துக்குள் இருந்த கம்பியிலிருந்து கழன்றுவிட்டது. இருவரும் இறந்தார்கள். கொக்கிகளை மாற்றி, மறுநாள் முதல் ஆளாக ஸ்டிர்லிங் குதித்தார்.

நவம்பர் 16 இரவு முதல் தாக்குதல். ஐந்து விமானங்களில் 55 பேர். புயல் காற்று. தரையைத் தொட்ட பிறகும் பாராசூட் காற்றுப் பிடித்து ஆளைக் கல்தரையில் இழுத்துக்கொண்டே போகும். வாரைக் கழற்ற முடியாதவன் கதி என்ன ஆகும், யோசித்துப் பார். தனியாகப் போட்ட சாமான் பெட்டிகள் பல கிடைக்கவே இல்லை. பிறகு பேய்மழை, மேய்ன் குழுவின் வெடிகுண்டுத் திரிகள் நனைந்து வீணாயின. போனவர்களில் பாதிக்கு மேல் திரும்பவில்லை, ஒரு விமானமும் அழியவில்லை.

தப்பியவர்களை ஏற்றி வந்தது லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப் என்ற பாலைவன ரோந்துப் படையின் லாரிகள். கூட்டி வருகிறவர்களே கொண்டுபோயும் விடலாமே என்று ஸ்டிர்லிங் பாராசூட்டைக் கைவிட்டார். டிசம்பர் 14 இரவு அப்படித்தான் போனார்கள். லிபியாவில் சிர்ட்டே விமானதளத்தில் ஸ்டிர்லிங்குக்கு ஒன்றும் வாய்க்கவில்லை. தமெத் விமானதளத்தில் மேய்ன் குழு 24 விமானங்களை ஒழித்ததாகக் கணக்கு.

1942-இல் சொந்த ஜீப்புகள் வந்தன. காற்று நன்றாக உள்ளே போக ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கம்பிகளில் பலவற்றை வெட்டி எடுத்தார்கள். கொதிக்கும் தண்ணீர் ஆவியாகி வீணாகாமல் இருக்க, முன்பக்கம் ஒரு டப்பா வைத்து ரேடியேட்டரோடு குழாயால் இணைத்தார்கள். ஆவி அங்கே தண்ணீராகி, எஞ்சின் ஆறும்போது திரும்ப உள்ளே போகும். பாலைவனத்தில் அந்த ஒரு டப்பா எத்தனை பேரின் குடிதண்ணீரைக் காப்பாற்றியிருக்கும்! வண்டியின் இரும்பு காந்தத் திசைகாட்டியைக் குழப்பும் என்பதால் பகலில் சூரியத் திசைகாட்டி: நடுவில் ஊசி, அதன் நிழல் விழும் கோணத்தைப் பார்த்து ஓட்டுவது. கோடை உச்சிவேளையில் நிழல் சுருங்கிவிடும், அப்போது அது உதவாது.

ஜூலை 26 இரவு எகிப்தில் எதிரியின் சிதி ஹனீஷ் விமானதளத்துக்குள் 18 ஜீப்புகள் இரண்டு வரிசையாகப் புகுந்தன. ஒவ்வொன்றிலும் விமானங்களுக்கென்று செய்த விக்கர்ஸ் கே துப்பாக்கிகள். எல்லாக் குழலும் வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும், வரிசை கலையவே கூடாது. கலைந்தால் நம் குண்டு நம் ஆள் மேலேயே பாயும். அதனால்தான் முந்தைய இரவே ஒத்திகை பார்த்துக்கொண்டார்கள்.

1943 ஜனவரியில் துனிசியாவில், ஓய்வெடுத்துக்கொண்டிருந்த இடத்தில் ஸ்டிர்லிங் ஜெர்மானியரிடம் மாட்டினார். தப்பி, மறுபடி பிடிபட்டு, கடைசியில் ஜெர்மனியின் கோல்டிட்ஸ் கோட்டைச் சிறை. அதன் பிறகும் படை நிற்கவில்லை, மேய்ன் கையில் தொடர்ந்தது. மேய்னைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
ரகு