உன் வாய்ஸ் மெசேஜில் கேட்ட சத்தம்

மாப்ளே,

மூன்று மாதமாகப் பதில் போடாமல் இருந்ததற்கு முதலில் நன்றாகத் திட்டிவிடு, திட்டி முடித்துவிட்டு மேலே படி. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, சின்னவள் பரீட்சை முடித்துவிட்டாள். சரி, எழுத உட்கார்ந்த காரணத்தைச் சொல்கிறேன். நேற்று நீ கார் ஓட்டிக்கொண்டே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய் அல்லவா (அந்தப் பழக்கத்தை விடு என்று எத்தனை தடவை சொல்வது), அதில் நம் நண்பன் ஒல்லி வேலையை விட்ட கதை ஓடிக்கொண்டிருக்கும்போது நீ எங்கேயோ மெதுவாகத் திரும்புகிறாய், அப்போது ‘கிரீச்’ என்று இழுத்து ஒரு ‘டொக்’ கேட்கிறது. ஒல்லியை விட்டுவிட்டு அந்த இடத்தை மட்டும் நாலு தடவை போட்டுக் கேட்டேன். மாப்ளே, அது எனக்குப் பிடிக்கவில்லை.

நாலு மாதமாக என் வண்டியோடு மல்லுக்கட்டியதில் காது இப்படிப் பழகிவிட்டது. நீயும் நானும் ஒரே வருடம் எடுத்த வண்டிகள்தானே, பதினாலு வயது ஆகிறது. என்னுடையது லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது, திடீரென்று பார்த்தால் 11.5. கூடவே முன்பக்கம் இடது சக்கரத்தில் ‘கடக் கடக்’ என்று ஒரு சத்தம். வழக்கமாக விடும் பட்டறையில் ஒரு நிமிடம்கூடக் குனிந்து பார்க்கவில்லை. நாலு ஷாக் அப்சர்பரையும் மாற்று, இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீச்சும் குழல்) கிளீன் பண்ணு, பழைய வண்டி என்றால் இப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு டாக்டர் நாடி பிடிக்காமலே மருந்து எழுதினால் நாம் சும்மா இருப்போமா?

அதனால் நானே இறங்கினேன். முதலில் அந்த 11.5 உண்மைதானா என்று பார்த்தேன், ஏனென்றால் டேஷ்போர்டு காட்டும் மைலேஜை நம்ப முடியாது. டேங்க் நிரப்பி, பம்ப் தானாகக் கட் ஆனதும் நிறுத்தி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, அடுத்த தடவையும் அதே பம்பில் அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும். ஒரு தடவை போதாது, மூன்று தடவை பார்த்தேன். 11.4, 11.8, 11.3. சந்தேகமே இல்லை.

டயர் காற்று 32 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய இடத்தில் 26 இருந்தது. உடனே நீ ‘இதுதான்டா’ என்பாய், நானும் அப்படித்தான் துள்ளினேன், ஆனால் கணக்குப் போட்டுப் பார், ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜில் 0.2 சதவீதம்தான் போகும் என்கிறார்கள், ஆறு குறைந்தாலும் ஒன்றேகால் சதவீதம் தாண்டாது, எனக்குப் போனதோ கிட்டத்தட்ட முப்பது சதவீதம். ஏர் ஃபில்டரும் அப்படியே. கார்புரேட்டர் காலத்தில் அது அடைத்தால் பெட்ரோல் குடிக்கும், இன்ஜெக்‌ஷன் வண்டியில் உள்ளே வரும் காற்றை அளந்துதான் பெட்ரோல் விடுகிறது, அதனால் இழுவை குறையுமே தவிர மைலேஜ் பெரிதாக மாறாது. மாற்றினேன், அழுக்காக இருந்தது என்பதற்காக.

அப்புறம் நம் வாத்தியாரிடமிருந்து, வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படித்துக் காட்டும் அந்தச் சின்ன ஸ்கேனரை வாங்கி வந்து செருகினேன். ஃப்யூவல் ட்ரிம் என்று ஒன்று காட்டும். ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதை வைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்கிற கணக்கு அது. பிளஸ் 15, 20 என்று ஏறியிருந்தால் எங்கேயோ காற்று கசிகிறது, அல்லது காற்றை அளக்கும் சென்சார் அழுக்கு. மைனஸில் அதே அளவு போனால் இன்ஜெக்டர் ஒழுகலாம், பெட்ரோல் பிரஷர் கூடியிருக்கலாம். எனக்கு பிளஸ் 3. ஆக இன்ஜெக்டர் மேல் பழி போட அங்கே எதுவுமே இல்லை. ஆனால் அதே திரையில் இன்னொரு எண் இருந்தது மாப்ளே, கூலன்ட் சூடு, அதாவது இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றும் தண்ணீரின் சூடு. அரை மணி நேரம் ஹைவேயில் ஓடிய பிறகும் 66 டிகிரி! 90 பக்கத்தில் நிற்க வேண்டியது. டிராஃபிக்கில் நின்றால் ஏறுகிறது, வேகம் எடுத்துக் காற்று அடித்தால் இறங்குகிறது.

கூலன்ட் சூடான பிறகுதான் அதை ரேடியேட்டருக்குத் திறந்துவிட வேண்டிய தெர்மோஸ்டாட் வால்வு, திறந்தபடியே மாட்டிக்கொண்டால் இப்படித்தான் ஆகும். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாகவே விட்டுக்கொண்டிருக்கும், ஆயிலும் தடிப்பாகவே சுற்றும். காலையில் ஆறின வண்டியை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸில் கை வைத்துப் பார்த்தேன் (ஃபேன் பக்கம் கை போகாமல்). வால்வு சரியாக இருந்தால் அந்த ஹோஸ் கொஞ்ச நேரம் ஜில்லென்றே இருந்துவிட்டு, வால்வு திறந்ததும் சட்டென்று சுட வேண்டும். என்னுடையது முதல் நிமிடத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானது. கழற்றி எடுத்தேன். விளிம்பில் 82 என்று பொறித்திருந்தது, அந்தச் சூட்டில்தான் அது திறக்க ஆரம்பிக்க வேண்டும். என் கையில் ஆறின கூலன்ட் சொட்டச் சொட்டக் கிடந்தபோதே நகம் நுழையும் அளவு இடைவெளி, நடுவில் துருப்பிடித்த ஒரு துணுக்கு செருகிக்கொண்டு நின்றது. அந்தத் துணுக்கை இன்னும் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். இன்ஜின் சூடாகாமல் இருக்கட்டும் என்று அந்த வால்வையே கழற்றி வீசிவிடும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். உன் வண்டியின் ஹீட் முள் எப்போதும் அடியிலேயே கிடப்பதாகச் சொன்னாயே, அதையும் பார்க்கணும்.

வால்வு மாற்றியதும் 13 வந்தது. மீதி எங்கே?

மீதி அந்த இடது சக்கரத்தில் இருந்தது. பிரேக் அதிகம் போடாமல் இருபது கிலோமீட்டர் ஓட்டி, தானாக உருண்டு நிற்கவிட்டு, இறங்கி நாலு சக்கரத்தின் பக்கத்திலும் புறங்கையைக் காட்டினேன். மூன்று சாதாரணம், இடது முன்சக்கரம் அடுப்பு மாதிரி. ஜாக்கி போட்டு நியூட்ரலில் சுற்றினால் வலது பக்கம் உருண்டு போய் நிற்கிறது, இடது பக்கம் கையை எடுத்த இடத்திலேயே நிற்கிறது. பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான கம்பி (பின்) துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது, உள்பக்க பேட் 3 மில்லிமீட்டர், வெளிப்பக்கம் 8. பச்சை ஸ்கூட்டரை நான் மேட்டில் தள்ளிக்கொண்டு போனேனே, நீ அதில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே, அதேதான் என் இன்ஜின் இத்தனை மாதமும் செய்திருக்கிறது. பாவம்.

சத்தத்துக்கு வேறு வழி. ஷாக் அப்சர்பர்தான் என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். ஆனால் ஸ்பீட் பிரேக்கரில் இரண்டு முன்சக்கரமும் சேர்ந்து ஏறும்போது சத்தமே இல்லை, ஒரு சக்கரம் மட்டும் சின்னக் குழியில் விழுந்தால் ‘கடக்’. இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறினால், இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் முறுக்காது, அதனால் அந்தப் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க் ராடுக்கு வேலை இல்லை. ஒரு பக்கம் மட்டும் ஏறினால்தான் அதில் பாரம் விழும். ராடைக் கையால் பிடித்து ஆட்டினேன், அதன் உருண்டை மூட்டு பால் பல் மாதிரி ஆடியது. மாற்றினதும் கடகடப்பு போயிற்று, ஆனால் பிரேக் போடும்போது மட்டும் ஒரு ‘டொம்’ மிச்சம். அது சக்கரத்தைக் கீழேயிருந்து தாங்கும் லோயர் ஆர்மின் பின்பக்க ரப்பர் வளையம் (புஷ்), ரப்பர் பாதி வட்டத்துக்குக் கிழிந்திருந்தது. இதில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அந்த புஷ்ஷின் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது முழுசாக முறுக்கக் கூடாது, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். நான் பக்கத்தில் நின்று கேட்டு அப்படியே செய்ய வைத்தேன். அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று. கடைசி மூன்று டேங்க் 14.1, 14.6, 14.4. பழைய 16 வராது என்றுதான் நினைக்கிறேன். இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனாலே, பத்து சதவீதக் கலப்பு என்றால், மூன்று சதவீதம் போலக் குறைத்துவிடும். எனக்கு இதுவே நிறைவு.

இப்போது உன் வண்டிக்கு வருகிறேன், இதற்குத்தான் இவ்வளவு எழுதினேன். என்னுடையது மாதிரி லிங்க் ராடால் குழியில் வரும் ‘கடக்’ எரிச்சல்தான், ஆள் உயிருக்கு ஒன்றும் ஆகாது. மெதுவாகத் திரும்பும்போது வரும் ‘கிரீச்-டொக்’ வேறு. அது ஸ்ட்ரட் மவுண்ட்டாக (ஷாக் அப்சர்பரும் ஸ்பிரிங்கும் மேலே பொருந்தும் இடம்) இருந்தால் பரவாயில்லை, நிறுத்தின வண்டியில் ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, இன்னொருவர் ஸ்பிரிங் சுருளின் வெளிப்பக்கத்தில் லேசாக விரல் வைத்தால், ஸ்பிரிங் முறுக்கி முறுக்கித் துள்ளுவது தெரியும். ஸ்பிரிங் துள்ளாமல் சத்தம் மட்டும் கீழேயிருந்து வந்தால் எனக்குப் பயம், அது பால் ஜாயிண்ட்டாக, அதாவது சக்கரத்தை லோயர் ஆர்மோடு இணைக்கும் உருண்டை மூட்டாக இருக்கலாம். அது கழன்றால் சக்கரம் பக்கவாட்டில் மடிந்து விழும், ஸ்டீயரிங் கையில் இருந்தும் பயனில்லை. வாத்தியார் வண்டிக்கு அது வீட்டு வாசலிலேயே, நடக்கும் வேகத்தில் ஆனது. நீ அடுத்த வாரம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அறுநூறு கிலோமீட்டர் போகப் போகிறாய். பாட்டைச் சத்தமாக வைத்தால் கேட்காது என்று நீ சொன்னது எனக்குச் சிரிப்பாகவே இல்லை மாப்ளே.

சனிக்கிழமை காலை நான் வருகிறேன், ஜாக்கியும் ஸ்டாண்டும் கொண்டு வருகிறேன். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து நான் ஆட்டும்போது நீ பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், மிதித்தும் ஆடினால் பால் ஜாயிண்ட். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி வை, முந்தின நாள் ராத்திரியிலிருந்து எடுக்காதே, ஹோஸையும் பார்த்துவிடலாம். அதுவரை ஆபீசுக்கு என் தம்பி பைக்கை எடுத்துக்கொள், அவனிடம் சொல்லிவிட்டேன்.

ஒல்லி கதையின் மீதியை அப்போது நேரில் சொல்.

உன்,
மாப்ளே