பத்துப் புத்தகப் பட்டியல் போதாது

ஆசிரியருக்கு,

வணக்கம். எழுத்தாளர்களின் வாசிப்பைப் பற்றி நீங்கள் வெளியிடும் நேர்காணல்களில் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது: ‘உங்களைப் பாதித்த பத்துப் புத்தகங்கள் எவை?’ பதிலுக்கு ஒரு பட்டியலும் வந்துவிடுகிறது. எழுதப் பழகுகிறவர் அந்தப் பத்தையும் தேடிப் படித்து முடித்த பிறகும் வெற்றுத்தாளின் முன் உட்கார்ந்தால் முன்பிருந்த இடத்திலேயே இருப்பார். எந்தப் புத்தகம் என்பதல்ல, அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்பதே அவருக்கு வேண்டிய செய்தி. அதை யாரும் கேட்பதில்லை.

நூலை இரண்டாம் முறை கேட்பவனுக்குப் பிழை பெரும்பாலும் நீங்கும், மூன்றாம் முறை கேட்பவன் முறையறிந்து எடுத்துச் சொல்வான் என்கிறது நன்னூல். மாணவனுக்குச் சொன்னது எழுதுகிறவருக்கும் பொருந்தும். சுமார் 3,000 சொல் வரும் ஒரு சிறுகதையை எடுத்துக்கொள்ளலாம். நாவலில் தொடங்கினால் பாதியில் நின்றுபோகும். முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடக் கூடாது. கதை தன் வேலையைச் செய்யட்டும். இரண்டாம் வாசிப்பில் ஒரு தாளை நெடுக்காக இரண்டாக மடித்து, பத்திக்கு ஒரு வரி எழுத வேண்டும். இடப்பக்கம், பத்தியில் என்ன நடக்கிறது. வலப்பக்கம், அது அங்கே எதற்காக இருக்கிறது. கடினமானது வலப்பக்கம்தான். ‘அழகான மழை வர்ணனை’ என்று எழுதினால் ஒன்றும் எழுதவில்லை என்று பொருள். ‘கடிதத்தில் என்ன இருந்தது என்பதை இன்னும் ஒரு பத்தி தள்ளிப்போடுகிறது’ என்று எழுதினால், அந்த மழை ஏன் பெய்தது என்று பிடிபட்டுவிட்டது. மனத்தில் பெரிய காட்சியாக நின்ற இடம் தாளில் இரண்டே வரியாக இருப்பதும் அப்போதுதான் தெரியவரும்.

மூன்றாம் சுற்று, கையால் பார்த்தெழுதுவது. பலரும் இதைப் பரிந்துரைக்கிறார்கள், ஆனால் செய்யும் முறையைச் சொல்வதில்லை. கண்ணைச் சொல்லுக்குச் சொல் நகர்த்தி எழுதினால் கை வெறும் நகல் இயந்திரம். மணிக்கணக்கில் எழுதினாலும் ஒன்றும் ஒட்டாது. ஒரு வாக்கியத்தை முழுதாகப் படித்து, மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதி, பிறகு திறந்து ஒப்பிட வேண்டும். எங்கே வேறுபடுகிறதோ அங்கேதான் பாடம். மூலத்தில் ‘எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்த்தாள்’ என்றிருக்கும். நம் கை, ‘அவள் எழுந்தாள். கதவருகே சென்றாள். அதைத் திறந்தாள். வெளியே பார்த்தாள்’ என்று எழுதியிருக்கும். இலக்கணப்படி இரண்டும் சரி. முதலாவதில் நான்கு செயலும் ஒரே அசைவு, எடை முழுவதும் கடைசி வினையில் விழுகிறது. இரண்டாவதில் ஒவ்வோர் அடியும் தனியாக நின்று பயமுறுத்துகிறது. அந்த ஆசிரியருக்கு அந்த இடத்தில் பயம் வேண்டாம், வேகம் வேண்டும். தேவையில்லாமல் நுழையும் ‘ஒரு’, வாக்கியத்துக்கு வாக்கியம் வரும் ‘அவன்’, ‘என்று’வுக்கு முன்னால் நீளும் பேச்சு ஆகிய பழக்கங்கள் எல்லாம் இந்த ஒப்பீட்டில் அகப்படும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும்.

பெஞ்சமின் பிராங்க்ளின் இளவயதில் இதைவிடக் கடுமையாகப் பழகியதைத் தம் சுயசரிதையில் விவரித்திருக்கிறார். பிடித்த கட்டுரைகளின் ஒவ்வொரு வாக்கியத்திலும் உள்ள கருத்துக்குச் சிறு குறிப்பு மட்டும் எடுத்துக்கொண்டு, சில நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, புத்தகத்தைப் பாராமல் கட்டுரையை மீண்டும் எழுதி மூலத்தோடு ஒப்பிட்டார். சொல் பஞ்சம் தெரியவந்ததும் சில கதைகளைச் செய்யுளாக்கி, மறந்த பிறகு மறுபடி உரைநடையாக்கினார். ஓசைக்கும் அளவுக்கும் ஏற்ற சொல்லைத் தேடவைப்பதால் செய்யுள் சொல்வளத்தைப் பெருக்கும் என்பது அவர் கணக்கு. குறிப்புகளைக் கலைத்துப்போட்டு, சில வாரம் கழித்து வரிசைப்படுத்தியும் பார்த்தார். இதில் இடைவெளிதான் உயிர். மறுநாளே எழுதினால் மூலத்தின் சொற்கள் நினைவிலிருந்து வந்துவிடும். அது மனப்பாடச் சோதனை, எழுத்துப் பயிற்சி அல்ல.

இனி ‘உத்வேகம்’. பிடித்த புத்தகத்திலிருந்து பாத்திரத்தையோ சூழலையோ எடுத்துக்கொள்வதையே பலர் உத்வேகம் என்று நினைக்கிறார்கள். எடுக்க வேண்டியது தீர்வு. நம் வரைவில் சிக்கி நிற்கும் இடத்தை முதலில் ஒரே வரியில் எழுதிக்கொள்ள வேண்டும்: ‘பத்து ஆண்டைக் கடக்க வேண்டும், பத்தி தந்திபோல் இருக்கிறது’, ‘ஐந்து பேர் பேசுகிறார்கள், யார் பேசுவது என்று தெரியவில்லை’. பிறகு விருப்பமான மூன்று புத்தகங்களில் அதே சிக்கல் வரும் பக்கத்தை மட்டும் திறக்கலாம். ஒருவர் ஆண்டுகளைச் சொல்லாமல் ஒரு குழந்தையின் உயரத்தைச் சொல்லியிருப்பார். இன்னொருவர் எதுவும் சொல்லாமல் அத்தியாயத்தையே முறித்திருப்பார். ஒரே சிக்கலுக்கு மூன்று தீர்வு கண்ணில் பட்டால் நான்காவது நமக்குத் தோன்ற வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் பார்த்தால் அதையே நகலெடுப்போம்.

அறியாமல் நகலெடுப்பதும் நடக்கும். சிறுவயதிலேயே பார்வையும் செவிப்புலனும் இழந்த ஹெலன் கெல்லர் தம் 11ஆம் வயதில் எழுதிய கதை 1892இல் அச்சானது. அது மார்கரெட் கான்பி என்ற எழுத்தாளரின் கதையை ஒத்திருப்பது பின்னர் வெளிப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே கான்பியின் கதை கெல்லருக்குக் கையில் விரலெழுத்தாகப் படித்துக் காட்டப்பட்டிருந்தது; அவருக்கோ அது நினைவிலேயே இல்லை. படித்தது மறந்து வாக்கியம் மட்டும் தங்கிவிட்டது. குறிப்பேட்டில் பக்க எண்ணும் மேற்கோள் குறியும் இல்லாமல் எழுதிவைக்கும் வரிக்கும் இதே கதிதான், ஆறு மாதத்தில் அது நம் வரிபோலத் தோன்றத் தொடங்கும். பிறர் வரியை ஒரு மையிலும் நம் எண்ணத்தை வேறு மையிலும் எழுதினால் சிக்கல் பாதி தீரும்.

குறிப்பேடு தடித்துவிட்டால் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் 1686இல் பிரெஞ்சில் வெளியிட்ட அட்டவணை முறை உதவும். தலைப்புச் சொல்லின் முதல் எழுத்தும் அதில் வரும் முதல் உயிரும் சேர்ந்து ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் பக்க எண். தமிழுக்கு இது இன்னும் எளிது, ஏனென்றால் உயிர்மெய்யில் இரண்டும் ஒரே எழுத்தில் அடங்கிவிடுகின்றன. ‘மரணம்’ ம-வுக்கு, ‘மௌனம்’ மௌ-வுக்கு. சொல்லுக்கு முதலில் வராத எழுத்துகளைத் தள்ளிவிட்டால் அட்டவணை இரண்டு பக்கத்துக்குள் நிற்கும்.

வரைவு ஓடிக்கொண்டிருக்கும்போது புனைவே படிக்கக் கூடாது என்பவர்கள் உண்டு. அது மிகை. ஆனால் அதே வகையைப் படிப்பது ஆபத்துதான்; காலையில் படித்தவரின் வாக்கிய நீளம் மாலையில் நம் தாளில் உட்கார்ந்திருக்கும். கவிதை, பயண நூல், தொழில்நுட்பக் கையேடு என்று வேறு பக்கம் போகலாம். சந்தேகம் வந்தால் அன்றைய பக்கத்தை வாய்விட்டுப் படித்து, நாம் பேச்சில் ஒருபோதும் சொல்லாத சொற்களை வட்டமிட்டாலே போதும், ஒட்டிக்கொண்டது எது என்று தெரிந்துவிடும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த நேர்காணலில் பத்துப் புத்தகங்களுக்குப் பதிலாக, எழுத்தாளர் அதிகமுறை திரும்பிப் போன ஒரே ஒரு பக்கத்தைக் கேளுங்கள். என்ன சிக்கலோடு அங்கே போனார், எதை எடுத்துக்கொண்டார், எதை வேண்டாமென்று விட்டார் என்றும் கேளுங்கள். முடிந்தால் ஓரத்தில் அவர் எழுதிவைத்த குறிப்புகளின் படத்தையும் பதிலோடு சேர்த்து அச்சிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்