நிலாவை உடைக்க எத்தனை குண்டு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் சிறுவர் இணைப்பில், ‘டிராகன் பால்’ என்ற ஜப்பானியச் சித்திரக்கதையின் ஆமைச் சாமியார் ரோஷி இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து நீட்டி நிலாவைத் தகர்க்கும் காட்சி பற்றி ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. அந்த ஓர் அடியில் ‘பத்து லட்சம் அணுகுண்டுகளின் ஆற்றல்’ இருந்ததாக எழுதியிருந்தீர்கள்.

விடுமுறைக்கு வந்திருக்கும் என் பேரன் அதைப் படித்துவிட்டு, “தாத்தா, இது சரியா?” என்று கேட்டான். முப்பத்தொரு வருடம் இயற்பியல் நடத்தியவனிடம் இப்படிக் கேட்டால் காலை இட்லி ஆறிப்போகும் என்பது அவன் பாட்டிக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

நாங்கள் புதுக்கோட்டைப் பக்கம். கல் குவாரிக்குப் பஞ்சமில்லை. அதனால் முதலில் குவாரிக் கணக்கே போட்டோம். குழி போட்டு வெடிமருந்து அடைத்து வெடித்தால் ஒரு கன மீட்டர் பாறைக்குச் சுமார் அரைக் கிலோ பிடிக்கும். பாறைக்குப் பாறை கூடும், குறையும். நிலாவின் கன அளவைக் கண்டுபிடித்து அதால் பெருக்க வேண்டியதுதான். தேதி கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் விறுவிறுவென்று போட்டேன். பேரன் எட்டிப் பார்த்து, “தாத்தா, 3,474 கிலோமீட்டர் விட்டம். நீங்க அதையே ஆரமா வச்சிருக்கீங்க” என்றான். ஆரம் 1,737 தான். விடை எட்டு மடங்கு ஊதிப் போயிருந்தது. இதே தவறுக்காக எத்தனை பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைத்திருப்பேனோ!

திருத்திப் போட்டால், 15,000 டன் டிஎன்டி (குண்டின் பலத்தை ஒப்பிட்டுச் சொல்லப் பயன்படும் வெடிமருந்து) பலமுள்ள ஹிரோஷிமா குண்டுகள் ஏறத்தாழ 73,000 கோடி தேவை என்று வந்தது. உங்கள் பத்து லட்சம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

ஆனால் ரோஷி நிலாவைக் கருங்கல்லாகப் பெயர்த்துக் குவித்து வைக்கவில்லையே. வெடித்த பிறகு வானத்தில் நிலாவே இல்லை. குவாரியில் வெடித்த கல் காலடியிலேயே விழுகிறது. நிலாவை வெறுமனே உடைத்தால் அதன் துண்டுகளும் அப்படித்தான். ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு மறுபடியும் உருண்டையாகத் திரண்டுவிடும். திரும்பி வராமல் ஓடவேண்டுமென்றால், நிலாவின் மேற்பரப்பிலிருந்து கிளம்பும் கல்லுக்கு நொடிக்கு 2.4 கிலோமீட்டர் வேகம் வேண்டும். உள்ளே இருப்பதையும் சேர்த்து மொத்தத்தையும் சிதறடிக்க ஆகும் ஆற்றல் செலவு சுமார் 1.24 × 10²⁹ ஜூல் (ஜூல் என்பது ஆற்றலின் அலகு). உடைக்கிற செலவைப்போல ஏறக்குறைய 2,700 மடங்கு. சூரியன் எல்லாத் திசையிலும் கொட்டுகிற ஆற்றலை ஒரு சொட்டு விடாமல் ஐந்தரை நிமிடம் பிடித்து வைத்தால் இது கிடைக்கும். குண்டுக் கணக்கில் சொன்னால், நீங்கள் போட்ட பத்து லட்சத்தை 200 கோடியால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

கட்டுக்கதைக்கு எதற்கய்யா கணக்கு என்று பக்கத்து வீட்டு நண்பர் சிரித்தார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். 1945 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டைச் சோதித்தார்கள். பலம் எவ்வளவு என்பது ரகசியம். 1947-இல் அதன் படங்கள் மட்டும் வெளியாயின. நெருப்பு உருண்டையின் படத்திலேயே நேரமும் அளவுகோலும் அச்சாகியிருந்தன. பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜி.ஐ. டெய்லர் அவற்றை அளந்தார். 0.025 நொடியில் ஆரம் 130 மீட்டர். காற்றின் அடர்த்தியை ஆரத்தின் ஐந்தாம் அடுக்கால் பெருக்கி, நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஆற்றல் கிட்டத்தட்ட வந்துவிடும். ஏறத்தாழ 17,000 டன் என்று 1950-இல் வெளியிட்டார். இன்றைய மதிப்பு 25,000 டன்னை ஒட்டியது. படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கினாரே! சித்திரக்கதைக் கட்டத்தில் ஸ்கேல் வைத்து அளக்கும் பையன்கள் செய்வதும் இந்த வேலைதான்.

அதில் ஒரு வில்லங்கமும் உண்டு. ஐந்தாம் அடுக்கு என்பதால், ஆரத்தைப் பத்து சதவீதம் கூட்டி அளந்தால் ஆற்றல் அறுபது சதவீதம் கூடிவிடும். டெய்லருக்குக் கிடைத்தது புகைப்படம். எங்களுக்குக் கிடைப்பது ஓவியர் இழுத்த மைக்கோடு. அந்தக் கோட்டின் உள்விளிம்பில் ஸ்கேலை வைப்பதா வெளிவிளிம்பில் வைப்பதா என்று பேரனும் நானும் கால் மணி நேரம் சண்டை போட்டிருக்கிறோம்.

கதைக்குள்ளேயே கணக்குப் பார்க்கும் கருவி ஒன்று வருகிறது. கண்ணில் மாட்டிக்கொண்டால் எதிரில் நிற்பவரின் பலத்தை எண்ணாகக் காட்டும். துப்பாக்கி ஏந்தி வரும் ஒரு விவசாயிக்கு 5 காட்டுகிறது. ரோஷிக்கு 139. அப்படியானால் 28 விவசாயிகள் ஒன்றுசேர்ந்தால் நிலா காலியா என்று கேட்டேன். “அதெல்லாம் நேர்விகிதம் இல்ல தாத்தா” என்று மழுப்பினான். என்ன விகிதம் என்று இன்னும் சொல்லவில்லை. அந்த நிலாவைப் பிற்பாடு அந்தக் கதையின் கடவுளே திரும்ப உண்டாக்கி வைக்கிறார். அந்தக் கணக்கை நான் தொடுவதாக இல்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். வரும் ஞாயிறு அதே இடத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். வெறும் எண்ணைப் போடாமல், நிலா விரிசல் விட்டதாக வைத்துக்கொண்டீர்களா, சிதறியதாக வைத்துக்கொண்டீர்களா என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். படிக்கிற பிள்ளைகள் மீதியைத் தாங்களே போட்டுக்கொள்வார்கள். இடம் போதவில்லை என்று எதை வெட்டினாலும் ‘சுமார்’ என்ற சொல்லை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
புதுக்கோட்டை மாவட்டம்.