சோளகக் காலத்தில் அந்த மணலில் முட்டை கிடக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு பின்னேரம் மண்டைதீவுப் பக்கம் கடனீரேரி ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். நாலைந்து பொடியள் காய்ந்த மணல் வெளியில் மோட்டார் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தார்கள். மேலே பத்துப் பதினைந்து சின்ன ஆலாக்கள், அதுதான் அந்தக் கடற்பறவைகள், கீச்சிட்டபடி அவர்களுடைய தலைக்கு நேரே பாய்வதும் எழும்புவதுமாக நின்றன. பொடியள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். சில்லுக்குக் கீழே முட்டை கிடக்கிறது என்று அவர்களுக்கு யாருமே சொல்லவில்லை.

இந்தச் சின்ன ஆலா கூடு கட்டாது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வெறும் மணலில் ஒரு சின்னக் குழி பறித்து இரண்டு மூன்று முட்டை இட்டுவிடும். முட்டையும் மணல் நிறம், மேலே கபிலப் புள்ளி, பக்கத்தில் நின்றாலும் கண்ணில் படாது. அடைகாக்க மூன்று கிழமை, குஞ்சு பறக்க இன்னும் ஏறக்குறைய மூன்று கிழமை. அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது என்றுதான் நினைப்போம், எங்கள் வெயிலில் அது நிழல் கொடுப்பதும்தான். ஆலாக்கள் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிரப்பண்ணும். நடுப்பகலில் நாங்கள் அங்கேயே நின்று அதை இறங்கவிடாமல் செய்தால் முட்டை வெந்துபோகும், இல்லையென்றால் காகம் கொண்டுபோய்விடும்.

என் ஐயா கடல் தொழில் செய்தவர். ஆலாக்கள் விழுந்தெழும்பும் இடத்தைப் பார்த்துத்தான் சூடை மீன் கூட்டம் நிற்கும் இடத்தை அறிவார். ஆழ்கடலில் திரியும் கரிய ஆலா இன்னும் அதிசயம், இறகு தண்ணீரில் ஊறிவிடும் என்பதால் அது தண்ணீரில் அதிகம் இறங்கி உட்காராது, பறக்கத் தொடங்கிய பிறகு தரையை மிதிக்காமல் வருடக்கணக்கில் வானத்திலேயே திரியும். அதுவும் முட்டையிட இலட்சத்தீவின் பிட்டி போன்ற ஒரு மணல்திட்டுக்கு இறங்கித்தான் ஆகவேண்டும்.

மன்னாருக்கு அப்பால் கிடக்கும் ஆதாம் பாலத் தீடைகளை, அதாவது மணல்திட்டுகளை, 2015இல் தேசிய பூங்காவாக அறிவித்தார்கள். நெடுந்தீவும் சுண்டிக்குளமும் அதே ஆண்டுதான். சரி, நல்ல விஷயம். ஆனால் ஊர் ஓரத்தில் கிடக்கும் இந்த மணல் வெளிகள் எந்தப் பூங்காவுக்குள்ளும் இல்லை. இங்கே மீன் கழிவைக் கொட்டுகிறோம், அதற்கு நாயும் காகமும் வருகின்றன, பிறகு குஞ்சு எங்கே மிஞ்சும்?

அன்றைக்குப் பொடியளைக் கூப்பிட்டு ஒரு முட்டையைக் காட்டினேன். பக்கத்திலேயே இன்னொன்று நசிந்து கிடந்தது. அவர்கள் ஒன்றும் பேசாமல் வண்டிகளை உருட்டிக்கொண்டு வீதிக்கு ஏறினார்கள், பிறகு ஒருவன் திரும்பி வந்து இதைச் சுற்றி வேலி போடலாமா என்று கேட்டான். மே தொடங்கிச் செப்டெம்பர் வரைக்கும் நாலு தடி, ஒரு கயிறு, தமிழில் ஒரு பலகை போதும். தடியும் கயிறும் நான் வாங்கித் தருகிறேன், நடுவதற்கு அந்தப் பொடியள் வருவார்கள். பிரதேச சபை அனுமதி தரவேண்டும்.

மண்டைதீவு வாசகர் ஒருவர்