செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் டயாலிசிஸ் உறுப்பினர்களுக்கும், கூட வந்திருக்கும் வீட்டாருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம்மை விட்டுப் போனவர்களுக்குச் சற்று முன் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. மாம்பழ சீசனில் மட்டும் பாதிப் பேர் வரவில்லை. மாம்பழத்தில் இருக்கும் பொட்டாசியம் சிறுநீரகம் பழுதான நமக்கு ஆகாது என்று நான் பேசப்போவது தெரிந்திருக்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் பெயர் விடுபட்டவர்களைக் கலெக்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போனோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இனி, இந்த வருஷம் நம் கூட்டங்களில் அதிகம் அடிபட்ட விஷயத்துக்கு வருகிறேன். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த இடம்தான் பிஸ்டுலா. அந்தக் கையில் வரும் தடிப்பு.

காரிமங்கலம் பக்கத்துத் தம்பி ஒருவர். பெயர் சொல்ல வேண்டாம் என்றார். கதையைச் சொல்லச் சொன்னார். முன்கையில் சிவந்து தடித்து ஒரே அரிப்பு. அவருடைய அம்மா பார்த்துவிட்டு "இது அக்கிடா" என்று குயவர் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காவி மண் குழைத்து எழுத வைத்துவிட்டார். மறுநாள் அந்தக் கையோடுதான் டயாலிசிஸுக்கு வந்தார். ஊசி குத்திய துளைகளுக்கு மேலேயே மண்! சிஸ்டர் திட்டிக்கொண்டே சோப்புப் போட்டுக் கழுவினார். காவி போனதும் அடியில் தெரிந்தது இரண்டு நீள்சதுரம், ஸ்கேல் வைத்து வரைந்ததுபோல. அக்கி சதுரமாக வராது. பிளாஸ்டர் ஒட்டிய இடம் அது. (அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். சின்ன வயதில் எனக்கும் அக்கி எழுதியிருக்கிறார்கள்.)

வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் 2 ஊசி. வருஷத்துக்கு 312 குத்து, அத்தனைக்கும் பிளாஸ்டர். பசை ஒத்துக்கொள்ளாத தோலில் அன்றைக்கே ஒன்றும் தெரியாது; ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் அரிக்கும். செவ்வாய் ஒட்டியது புதன் ராத்திரி அரிக்க ஆரம்பிக்கும். வியாழன் அதே இடத்தில் மறுபடி ஒட்டுவார்கள். ஆறுவதற்கு நேரமே இல்லை. நம்மில் சிலர் அடுத்த டயாலிசிஸ் வரை பிளாஸ்டரை எடுப்பதே இல்லை. ரத்தம் நின்று, சிஸ்டர் சொன்ன நேரம் ஆனதும், தண்ணீரில் நனைத்து மெதுவாக உரித்துவிட வேண்டும். சர்ரென்று இழுத்தால் தோலும் கூட வரும்.

இன்னொரு காரணம் அந்தப் பழுப்பு நிற அயோடின் மருந்து. தடவி இரண்டு மூன்று நிமிஷம் காய விட வேண்டும். அவசரத்தில் ஈரத்தோடு பிளாஸ்டரை ஒட்டினால் அடியில் தேங்கித் தோலைப் புண்ணாக்கும். சிலருக்குக் கையுறை ரப்பரே ஆகாது. என் கையில் வந்த தடிப்பைக் காட்டியபோது ஓர் இடத்தில் "டயாலிசிஸ்னா அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை. பேப்பர் பிளாஸ்டர் மாற்றிக் கேட்டேன், மூன்றே வாரத்தில் கை தேறிவிட்டது. பிளாஸ்டருக்குப் பதில் பேண்டேஜ் சுற்றுகிறவர்கள் இறுக்கிக் கட்டக் கூடாது, பிஸ்டுலா அடைத்துக்கொள்ளும். கட்டிய பிறகும் விரல் வைத்தால் பிஸ்டுலாவில் ரத்தம் ஓடும் விர்ரென்ற அதிர்வு இருக்க வேண்டும்.

எல்லாச் சிவப்பும் பிளாஸ்டர் சிவப்பு அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். துளையைச் சுற்றிச் சூடு, வலி, வீக்கம், சீழ், குளிர்க்காய்ச்சல், இதில் எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அடுத்த டயாலிசிஸ் வரட்டும் என்று இருக்கக் கூடாது. அந்தத் துளை வழியாகக் கிருமி நேரே ரத்தத்துக்குப் போகும். பிஸ்டுலா மேல் தோல் மெலிந்து பளபளத்தாலும், பொருக்கு ஆறாமல் நின்றாலும் உடனே காட்டுங்கள். அது உடைந்தால் ரத்தம் பீச்சியடிக்கும். உடைந்துவிட்டால் விரலால் அந்த இடத்தையே அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிட வேண்டும். துண்டை மேல் மேலே சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது.

முதுகு, கால், உடம்பெல்லாம் அரிக்கிறது என்பவர்களுடையது வேறு கதை. தோல் வறட்சி ஒரு காரணம், ரத்தத்தில் பாஸ்பரஸ் கூடுவது இன்னொரு காரணம். சாப்பாட்டில் இருக்கும் பாஸ்பரஸ் உடம்பில் ஏறாமல் தடுக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விழுங்கினால் வீண். நம் ஊரில் இதைப் பேசினால் உடனே களி பற்றிய கேள்வி வரும். கேழ்வரகு 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் பாஸ்பரஸ் உண்டு. ஆனால் தானியத்தில் இருப்பதில் ஒரு பங்குதான் உடம்பில் ஏறும். கோலா பானத்திலும் பாக்கெட் தீனியிலும் சேர்க்கும் பாஸ்பேட் ஏறக்குறைய முழுதும் ஏறிவிடும். களி உருண்டையின் அளவை உங்கள் டயட்டீஷியனிடம் கேளுங்கள், என்னிடம் அல்ல. தேங்காய் எண்ணெய் தடவலாம், ஊசி போகும் இடத்தை விட்டுவிட்டு. டயாலிசிஸுக்கு உட்காருமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவியே ஆக வேண்டும்.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் தடிப்பைப் பார்த்து எழுந்து போய்விட்டார் என்று ஓர் அக்கா சொல்லி அழுதார். அன்று முதல் வெயிலிலும் முழுக்கை ரவிக்கைதான். இந்தத் தடிப்பு யாருக்கும் தொற்றாது. ஆனால் மூடி வைத்தால் சிஸ்டர் கண்ணுக்கும் படாது. அதனால் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு தருகிறோம். எந்தப் பிளாஸ்டர், எந்த மருந்து, எப்போது அரித்தது என்று மூன்று கட்டம். ஊசி குத்துமுன் அதைக் காட்டுங்கள்.

அறிக்கையை ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன். சாப்பாடு தயார். புளியிலும் பொட்டாசியம் உண்டு என்பதால் குழம்பில் அது பேருக்குத்தான் போட்டிருக்கிறது. புளிக்குப் பேர் போன ஊரில் இப்படியா என்று சமையல்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், சொன்னது நான்தான்.